மிச்சத்த யாரு போய் பாத்தா?

மீனா,

எப்படிடி இருக்க? உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன், ஏழாங்கிளாஸுக்கு பூமியோட உள்ளமைப்பு நடத்தணும், களிமண் உருண்டைய விட்டா வேற ஐடியாவே வரலன்னு ஒரே புலம்பல். இங்க எல்லாரும் சுகம், அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப நான் வீடு பெருக்குற லட்சணம் அவங்களுக்கு பளிச்சுனு தெரியுதாம், தினமும் திட்டு.

களிமண் உருண்டை வேணாம்னு சொல்லல, ஆனா அதுல பிள்ளைங்க மனசுல நிக்கிறது கலர் மட்டும்தான், மேலோட்டையும் விரல் தண்டிக்கு அப்பி வச்சிடுதுங்க. நான் கிரவுண்டுல 6.4 மீட்டருக்கு ஒரு கயிறு கட்டிடுவேன், 10 கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்னு கணக்கு, மையம் வரைக்கும் சுமார் 6,370 கிமீ இல்லையா, அதான். அதுல நம்ம காலுக்குக் கீழ இருக்கிற மேலோடு மூணு நாலு சென்டிமீட்டர்தான் வரும், அதுக்குக் கீழ இருக்கிற பாறை அடுக்கு, அதான் கவசம், 2.9 மீட்டர்ல முடியும், அப்புறம் 5.15 வரைக்கும் உருகிக் கெடக்குற வெளிக்கரு, மிச்சம் கெட்டியான உட்கரு. சோவியத்காரங்க கோலா தீபகற்பத்துல வருஷக்கணக்கா தோண்டி 1989ல 12.26 கிலோமீட்டர் ஆழத்த எட்டினாங்கல்ல, அது இந்தக் கயித்துல வெறும் 1.2 சென்டிமீட்டர்! அங்க ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவோம். ஒட்டினதுமே எவனாவது கேட்டே தீருவான், "அப்ப மிச்சத்த யாரு மிஸ் போய் பாத்தா?"

அதுக்காகத்தான் இந்தக் கயிறே. உடனே பசங்கள ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நிக்க வச்சு முன்னாடி இருக்கிறவன் தோள்ல கை போடச் சொல்லு. கடைசி ஆள் மெதுவா ஒரு தள்ளு தள்ளினா அது வரிசை முழுக்க ஓடி முன்னாடி வரும், நிலநடுக்கத்துல மொதல்ல வந்து சேர்ற பி அலை அதுதான். அதே ஆள் சைடுல சாஞ்சா தோளப் புடிச்சிருக்கிற எல்லாரும் ஒவ்வொருத்தரா சாய்வாங்க, அது எஸ் அலை, கொஞ்சம் லேட்டாதான் வரும். இப்ப நடுவுல நிக்கிற நாலஞ்சு பேர மட்டும் கைய எடுத்துட்டு நெருக்கி நிக்கச் சொல்லு, அவங்கதான் திரவம், அந்த உருகின வெளிக்கரு மாதிரி. தள்ளு போயிடும், சாய்வு மட்டும் அங்கயே நின்னுடும். நிலநடுக்கம் வந்தப்ப பூமிக்கு அந்தப் பக்கம் எந்த அலை வந்துச்சு எது வரலன்னு பாத்துத்தான் உள்ள இருக்கிறதையே கண்டுபிடிச்சாங்கன்னு அப்ப சொல்லு, சட்டுனு புரியும். 1897 அஸ்ஸாம் நிலநடுக்கத்த ஆராய்ஞ்ச ஓல்ட்ஹாம்தான் உள்ள ஒரு கரு இருக்குன்னு 1906ல காட்டினாரு. உட்கரு தனின்னு 1936ல சொன்னது டென்மார்க் விஞ்ஞானி இங்கெ லேமான் (Inge Lehmann), அந்தம்மா குறிப்பு அட்டைகள எல்லாம் ஓட்ஸ் டப்பாவுலதான் போட்டு வச்சிருந்தாங்களாம், இது நம்ம பொண்ணுங்களுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு.

மறுநாளைக்கு ஈர்க்குச்சி வீடு. முனைக்கு முனை களிமண் வச்சு மூணு மாடி கட்டச் சொல்லு, கோலிகுண்டு மேல ஒரு ட்ரே, அதுல வீட்ட வச்சு முன்னும் பின்னும் ஆட்டு. மூலைக்கு மூலை சாய்வா குறுக்குக்குச்சி போட்டது சமாளிக்கும், போடாதது மடங்கும். இதுல ஒரு குசும்பு பண்ணு, ஒரு குரூப்ப மட்டும் கீழ் மாடியில குறுக்குக்குச்சி போடவிடாத. மேல இருக்கிற ரெண்டு மாடியும் அப்படியே இருக்கும், கீழ்த்தளம் மட்டும் மண்டி போட்டுரும். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்துல 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கிற அகமதாபாத்ல அடுக்குமாடிங்க விழுந்துச்சே, அதுல நெறய கீழ சுவரே இல்லாம பார்க்கிங்குக்காக தூண் மட்டும் நிறுத்தினதுதான். "எங்க சித்தி ஃப்ளாட்டும் அப்படித்தானே மிஸ் இருக்கு"ன்னு ஒருத்தி எழுந்துட்டா. முறையா டிசைன் பண்ணி கம்பி கட்டினா பார்க்கிங் இருந்தாலும் தாங்கும்மான்னு சொல்லி உக்கார வச்சேன், ஆனா அவ மூஞ்சியப் பாத்தா சித்தி வீட்டுக்குப் போன் போகாம இருந்திருக்காது.

கோலிகுண்ட மட்டும் எண்ணிக் குடுத்து எண்ணி வாங்கு, இல்லன்னா அடுத்த பீரியடு வர்ற கணக்கு வாத்தியார் உன்னத்தான் கேப்பாரு. கிளாஸ் முடிச்சுட்டு எப்படிப் போச்சுன்னு எழுதுடி.

உன்
கலா