‘லட்சத்தில் ஒருவருக்கு’ என்ற அந்த வரி பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் நலவாழ்வு இணைப்பில் ஹார்மோன் கோளாறுகள் பற்றி வெளியான கட்டுரையில், ‘பிட்யூட்டரி கட்டி லட்சத்தில் ஒருவருக்கு வரும் அபூர்வமான மூளைக்கட்டி, வாசகர்கள் அதை எண்ணிக் கவலைப்படத் தேவையில்லை’ என்று ஒரு வரி இருந்தது. தைராய்டு பற்றியும் சர்க்கரை நோய் பற்றியும் அதே கட்டுரை சொன்னவற்றில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இந்த வரியைப் படித்த பிறகு அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற ஹார்மோன் சுரப்பியில் வரும் அந்தக் கட்டி எனக்கு இருந்தது. களியக்காவிளையைச் சுற்றிய நாலைந்து ஊர்களுக்குள் எனக்குத் தெரிந்தே இன்னும் இரண்டு பேருக்கு இருந்தது. இத்தனைக்கும் நான் யாரையும் தேடிப் போய் விசாரித்தவள் அல்ல.

லட்சத்தில் ஒருவர் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று தங்கள் கட்டுரை சொல்லவில்லை. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், பெல்ஜியத்தின் லீஜ் மாகாணத்தில் ஏறக்குறைய 72,000 பேர் வாழும் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள மருத்துவர்களிடம் இருந்த விவரங்களை ஆள் ஆளாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 68 பேருக்குச் சிகிச்சையோ கண்காணிப்போ தேவைப்படும் அளவுக்குப் பிட்யூட்டரி கட்டி இருந்தது. அதாவது 1,064 பேருக்கு ஒருவர், லட்சத்துக்கு 94 பேர். இங்கிலாந்தின் பான்பரி நகரில் 81,000-க்கும் மேற்பட்டோரை வைத்து எடுத்து 2010-இல் வெளியிட்ட கணக்கிலும் லட்சத்துக்கு 77 பேருக்கு மேல் வந்தது. ஓராண்டில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுவோரை மட்டும் எண்ணினாலும், ஐரோப்பிய நாடுகளின் சில கணக்குகள் லட்சத்துக்கு 4 பேர் என்கின்றன. தங்கள் கட்டுரையின் எண் இவற்றில் எதனோடும் ஒத்துப்போகவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாகர்கோவிலில் சுமார் 2,25,000 பேர் இருந்தார்கள். தங்கள் வரியை நம்பினால் அந்த நகரம் முழுவதற்கும் இரண்டு பேர்தான் இந்தக் கட்டியோடு இருந்திருக்க வேண்டும். லீஜ் கணக்கு ஏறத்தாழ நமக்கும் பொருந்துமானால் 200 பேருக்கு மேல் இருந்திருப்பார்கள். வேறு நாட்டுக் கணக்கை அப்படியே இங்கே வைக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டுக்கும் இருநூறுக்கும் உள்ள தொலைவை அதைச் சொல்லித் தாண்டிவிட முடியாது.

நான் முப்பது ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். பத்தாம் வகுப்பில் நாளமில்லாச் சுரப்பிகள் பாடம் நடத்தும்போதெல்லாம் பிட்யூட்டரியைத் தலைமைச் சுரப்பி என்றும், மூளைக்கு அடியில் எலும்புக் குழி ஒன்றுக்குள் பட்டாணி அளவில் இருக்கும் என்றும் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். 1989-இல் எனக்குத் திருமணம் ஆனது. அடுத்த ஆண்டே மாதவிலக்கு தள்ளிப் போகத் தொடங்கி, பிறகு நின்றே போனது. ஏழு ஆண்டுகள் குழந்தை இல்லை. நாகர்கோவில் நாகராஜா கோயிலில் ஆயில்யந்தோறும் பால் ஊற்றினோம். கேரளத்தின் மண்ணாறசாலை நாகர் கோயிலுக்குப் போய், பிள்ளை வரம் வேண்டி உருளி கவிழ்த்தோம். அந்த வழிபாடுகளை நான் குறை சொல்லவில்லை. அவை தந்த ஆறுதல் இல்லாவிட்டால் அந்த ஆண்டுகளைக் கடந்திருக்க மாட்டேன். ஆனால் அதே ஏழு ஆண்டுகளில் நான் பார்த்த மூன்று மருத்துவர்களில் ஒருவர் கூட, பால் சுரக்கச் செய்வதும் அளவு மீறினால் மாதவிலக்கை நிறுத்துவதுமான ப்ரோலாக்டின் என்ற ஹார்மோனை அளக்க ஓர் இரத்தப் பரிசோதனை எழுதித் தரவில்லை. வளைகாப்பு வீடுகளில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் என்னைக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காரச் சொன்னவர்களை இன்றைக்கும் பெயர் பெயராக நினைவு வைத்திருக்கிறேன்.

1996-இல் பாறசாலை வழியாகப் பேருந்து பிடித்துத் திருவனந்தபுரத்தில் ஒரு வயதான பெண் மருத்துவரைப் பார்த்தோம். அவர் மலையாளம் கலந்த தமிழில் என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வியே, ‘மோளே, மாரில் பால் வருதா?’ என்பதுதான். வந்துகொண்டிருந்தது. நான்கு ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தது. பிள்ளை பெறாதவளுக்குப் பால் சுரக்கிறது என்பதை வெட்கத்தால் என் தாயிடம் கூட நான் சொல்லவில்லை. கேட்க வேண்டியவர்களும் கேட்கவில்லை. இரத்தப் பரிசோதனையில் ப்ரோலாக்டின் இருக்க வேண்டிய அளவைப் போல எட்டு மடங்கு இருந்தது. ஸ்கேனில் 6 மில்லிமீட்டர் கட்டி தெரிந்தது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. புரோமோகிரிப்டின் என்ற மாத்திரையை இரவுச் சாப்பாட்டோடு அரை மாத்திரையாகத் தொடங்கினார்கள். முதல் மாதம் குமட்டலும் தலைச்சுற்றலும் பாடாய்ப் படுத்தின. நான்காவது மாதம் மாதவிலக்கு திரும்பியது. 1998-இல் என் மகள் பிறந்தாள். இப்போது வாரம் இரண்டு முறை மட்டும் சாப்பிடும் கேபர்கோலின் மாத்திரை இருக்கிறது. அது பெரும்பாலோருக்கு இன்னும் எளிதாக ஒத்துக்கொள்கிறது.

லீஜ் ஆய்வில் கண்டறிந்த கட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு என்னுடையதைப் போல ப்ரோலாக்டின் சுரப்பவை. நோயாளிகளிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். கவலைப்படத் தேவையில்லை என்று தங்கள் கட்டுரை ஆறுதல் சொன்னது பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களுக்குத்தான்.

இது முதல் முறையாக இருந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் தங்கள் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகி, மாதவிலக்கு நின்று மார்பில் பால் கசிகிறது என்று எழுதியிருந்தார். ‘மனக்கவலையே காரணம், தியானம் செய்யுங்கள், இரவில் சீக்கிரம் தூங்குங்கள்’ என்று பதில் வந்தது. மன அழுத்தத்தால் ப்ரோலாக்டின் ஓரளவு கூடுவது உண்மைதான். தைராய்டு குறைவும், வாந்திக்கும் மனநோய்க்கும் தரும் சில மாத்திரைகளும் கூட அதை உயர்த்தும். ஆனால் அவற்றில் எது காரணம் என்பதை இரத்தப் பரிசோதனை செய்யாமல் யாரும் சொல்ல முடியாது. அன்றே நான் தங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். அது வெளிவரவில்லை, அதை நான் பெரிதுபடுத்தவும் இல்லை. ஆனால் அந்தப் பெண் எந்த ஊரில் இருக்கிறாரோ, தியானம் செய்துகொண்டு எத்தனை ஆண்டுகள் காத்திருந்தாரோ என்ற நினைப்பு எனக்கு இன்றும் போகவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு அதே பக்கத்தில், எந்தக் குறைபாடானாலும் மூன்றே மாதத்தில் கருத்தரிக்க வைக்கும் கசாயம் என்று அரைப் பக்கம் வந்தது. அதைப் படித்த நாளில் கடிதம் எழுதத் தாளை எடுத்துவிட்டு மடித்து வைத்தேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் ஒருவர், இரண்டு ஆண்டுகளாகப் பக்கவாட்டில் நிற்கும் மரங்களில் தோளை இடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை மூன்று முறை மாற்றிக் கொடுத்தார்கள். பெரிதாக வளரும் பிட்யூட்டரி கட்டி மேலே உள்ள பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை அழுத்தினால், நேர்ப்பார்வை நன்றாக இருக்கும்போதே இரு பக்கமும் ஓரப் பார்வை மங்கிவிடும் என்பதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. கடைசியில் மூக்கின் வழியாகக் கட்டியை எடுத்தார்கள். இழந்த பார்வையில் பாதிதான் திரும்பியது.

மூன்றாவது ஆள் என் மயினியின் மகன். அவனுடைய கதை நேர் எதிரானது. போன ஆண்டு பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டதற்காக ஸ்கேன் எடுத்தபோது, பிட்யூட்டரியில் 4 மில்லிமீட்டர் அளவில் ஏதோ இருப்பதாக அறிக்கையில் வந்தது. அவனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் வீட்டில் எல்லாரும் தங்கள் இதழைப் போன்ற பத்திரிகைகளில் ‘அபூர்வமான மூளைக்கட்டி’ என்றே படித்துப் பழகியவர்கள். மயினி அடுப்பு மூட்டவில்லை. நிச்சயித்திருந்த திருமணத்தைப் பெண் வீட்டார் தள்ளி வைத்தார்கள். ஹார்மோன் பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தன. ஓராண்டு கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும் என்று மருத்துவர் சொன்னதை அவர்கள் நம்பவே இல்லை. இறந்தவர்களின் உடற்கூறாய்வுகளையும், ஸ்கேன் எடுத்தவர்களின் படங்களையும் தொகுத்துப் பார்த்து 2004-இல் வெளியான ஆய்வு ஒன்றில், உடற்கூறாய்வில் 14.4 விழுக்காட்டினருக்கும் ஸ்கேன்களில் 22.5 விழுக்காட்டினருக்கும், இரண்டையும் சேர்த்தால் 16.7 விழுக்காட்டினருக்கும் இப்படிப்பட்ட கட்டி இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். அவற்றில் பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் அளவில் வாழ்நாள் முழுவதும் வாளாவிருந்து, யாருக்கும் தெரியாமலே போய்விடுபவை. புற்றுநோயாக மாறுபவை ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோதான்.

இந்த இரண்டு எண்களையும் ஒன்றாக வைத்துச் சொல்லியிருந்தால் யாருக்கும் கேடு வந்திருக்காது. தொந்தரவு தராத சிறு கட்டி மிகவும் சாதாரணம். தொந்தரவு தரும் கட்டி ஆயிரத்தில் ஒருவருக்கு உண்டு. அபூர்வம் என்ற ஒற்றைச் சொல், அறிகுறி உள்ளவளை எனக்கு இருக்காது என்று வீட்டிலேயே இருக்க வைக்கிறது. அறிகுறியே இல்லாதவனைச் சாகப் போகிறவனாக ஆக்கிவிடுகிறது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாதவை அல்ல. தங்கள் இதழ் வாரந்தோறும் மருத்துவர்களிடம் எழுதி வாங்கும் இதழ். அந்த வரியையும் ஒரு மருத்துவரிடம் காட்டியிருக்கலாம்.

நான் கேட்பது சிறியது. அடுத்த ஞாயிறு அதே இணைப்பில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் வெளியிடுங்கள். மாதவிலக்கு நின்று பால் கசிந்தாலும், பல ஆண்டுகள் குழந்தை இல்லாவிட்டாலும் ப்ரோலாக்டின் இரத்தப் பரிசோதனையைக் கேட்டு எடுக்க வேண்டும் என்ற ஒரு வரியும் அதில் இருக்கட்டும். கையும் காலும் பெருத்து, மோதிரமும் செருப்பும் காரணமின்றிச் சிறுத்துப் போவதாகத் தோன்றினாலோ, ஓரப் பார்வை குறைந்தாலோ பிட்யூட்டரியையும் சந்தேகிக்க வேண்டும் என்று இன்னொரு வரியைச் சேர்க்க இடம் இருந்தால் நன்றி உடையவளாவேன். கடிதத்தைச் சுருக்க வேண்டியிருந்தால் என் கதையைச் சுருக்குங்கள். எண்களைச் சுருக்க வேண்டாம்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று என் மாமியார் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஊர்ப் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
களியக்காவிளை.