பச்சைக் கலரை நம்பாதே கண்ணு

கண்ணு,

நேத்து போன்ல நீ சொன்னதையே நினைச்சிட்டு இருக்கேன். சர்க்கரையில கரண்ட் எடுக்குற உன் என்சைம் ஃபியூயல் செல்லுக்காக நீ மாத்தி செஞ்ச என்சைம், அந்த மூணாவது ரவுண்டு மியூட்டன்ட், பிளேட்ல அவ்வளவு சூப்பரா வந்துச்சு, எலக்ட்ரோடு மேல ஏத்தினா பழைய என்சைமை விட மோசமா இருக்கு, நான் இதுக்கு லாயக்கே இல்லையோன்னு சொல்லிட்டு டக்குனு வெச்சிட்ட. நான் அப்ப எதுவும் பேசாததுக்குக் காரணம் இருக்கு. இதே கூத்து எனக்கும் நடந்திருக்கு, உன்கிட்ட சொன்னதில்ல, வெக்கம்தான் வேற என்ன.

நானும் உன்னை மாதிரி, சர்க்கரைகிட்ட இருந்து எலக்ட்ரானைப் பிடுங்குற குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்சைம்தான் வெச்சிருந்தேன். 96 குழி பிளேட், குழிக்கு ஒரு மியூட்டன்ட், சர்க்கரைக் கரைசல் ஊத்தி கூடவே பெராக்சைடு வந்தா பச்சையாகுற ஏபிடிஎஸ் சாயம், அப்புறம் எது முதல்ல கரும்பச்சை ஆகுதுன்னு கண்ணு வலிக்கப் பாத்துட்டே இருப்பேன், அதை எடுத்து அடுத்த ரவுண்டு. எட்டு மாசம் இப்படியே ஓடுச்சு. ஒரு நாள் டி7 குழி மட்டும், மத்ததெல்லாம் வெளிறிக் கிடக்கும்போதே, பாசி மாதிரி பச்சையா நின்னுச்சு. பிளேட்டைத் தூக்கிட்டுப் போய் லேப்ல ஒருத்தர் விடாம காமிச்சேன். எலக்ட்ரோடுல போட்டா கரண்ட் பாதி கூட வரல!

காரணம் புரிஞ்சப்ப தலையில அடிச்சிக்கிட்டேன். அந்த பெராக்சைடு எங்க இருந்து வருது? சர்க்கரைகிட்ட இருந்து பிடுங்கின ரெண்டு எலக்ட்ரானை என்சைம் ஆக்சிஜன்கிட்ட குடுத்தாதான் வரும். நமக்கோ அந்த எலக்ட்ரான் எலக்ட்ரோடுக்கு வந்து சேரணும், சர்க்கரை எலக்ட்ரான் குடுக்குற ஆனோடு பக்கம் ஆக்சிஜன் திருடன். திருடனுக்கு யாரு சீக்கிரமா கதவைத் தொறந்து விடுறாங்கன்னு பாத்துப் பாத்து எட்டு மாசமா பொறுக்கி எடுத்திருக்கேன் நான். பிரான்சிஸ் அர்னால்டுக்கு 2018-ல நோபல் வாங்கிக் குடுத்த அதே டைரக்டட் எவல்யூஷன்தான், என்சைமை மாத்தி மாத்தி செஞ்சு நல்லதைப் பொறுக்குற வழி, முறையில ஒரு தப்பும் இல்ல, அது நான் கேட்டதைத்தான் குடுத்துச்சு, நான் கேட்டதுதான் தப்பு.

நீ எந்த சாயம் போடுறேன்னு சொல்லவே இல்ல. பச்சைதான்னா அதை நிறுத்திடு. என்சைம்ல இருந்து எலக்ட்ரோடுக்கு எலக்ட்ரானைத் தூக்கிட்டுப் போக செல்லுல எந்த மீடியேட்டர் போடப்போறியோ, ஆஸ்மியமோ ஃபெரோசீனோ, அதையே வெச்சு ஸ்க்ரீன் பண்ணு, கூடவே ஆக்சிஜனோட எவ்வளவு வேகம்னு தனியா அளந்து, மீடியேட்டர் வேகத்தை அதால வகுத்துப் பாரு. அந்த விகிதம் ஏறுற மியூட்டன்ட்டைத்தான் எடுக்கணும், கலர் கம்மியா இருந்தாலும் சரி. இல்லேன்னா எஃப்ஏடி குளுக்கோஸ் டீஹைட்ரஜனேஸ்ங்கிற வேற என்சைமுக்கு மாறிடு, அது ஆக்சிஜனைக் கண்டுக்கவே கண்டுக்காது, பாதித் தொல்லை அங்கேயே முடிஞ்சுது. நான் அப்ப வீம்புக்கு மாறாம இருந்தேன், நீயும் என் பொண்ணுதானே, அதான் சொல்றேன்.

மீடியேட்டரே வேணாம், நேரா எலக்ட்ரோடுக்கே எலக்ட்ரானைக் கடத்திடலாம்னு உனக்கு ஒரு ஆசை இருக்குன்னு தெரியும். குளுக்கோஸ் ஆக்சிடேஸ்ல எலக்ட்ரானை வாங்கிக் கைமாத்துற எஃப்ஏடி எங்க உக்காந்திருக்குன்னு ஸ்ட்ரக்சரைத் திருப்பித் திருப்பிப் பாரு, நல்லா ஆழத்துல, புரோட்டீன் சுத்தி, அதுக்கு மேல சர்க்கரைச் சங்கிலி வேற போர்வை மாதிரி. 14 ஆங்ஸ்ட்ராம் தாண்டினா எலக்ட்ரான் தாவுறது படு மந்தம், தூரம் கூடக் கூட மடங்கு மடங்கா விழும். அதனாலதான் 1987-லயே டெகானியும் ஹெல்லரும் ஃபெரோசீனை என்சைமோடவே ஒட்ட வெச்சு நடுவுல படிக்கட்டு போட்டாங்க. வேணும்னா மேல்பரப்புல தங்கத்துல ஒட்டுற அமினோ அமிலம், சிஸ்டீன், ஒண்ணு வெச்சு, எஃப்ஏடி இருக்குற பக்கம் தங்கத்தைப் பாக்குற மாதிரி ஒட்டிப் பாரு, பெருசா எதிர்பார்க்காதே.

இன்னொன்னு, இதை முதல்லயே எழுதியிருக்கணும். உன் செல்லுல கம்மியாகுறது ஆனோடுதான்னு யார் சொன்னது? நீ போடுறது 5 மில்லிமோலார் சர்க்கரை, காத்து பட்ட தண்ணியில கரைஞ்சிருக்குற ஆக்சிஜன் 0.25 மில்லிமோலார் பக்கம்தான் இருக்கும். ஒரு ஆக்சிஜன் நாலு எலக்ட்ரான் வாங்கும், உன் சர்க்கரை ரெண்டு குடுக்கும், கணக்கு போட்டுப் பாரு, சர்க்கரைப் பக்கம் 10, ஆக்சிஜன் பக்கம் 1. ஆக்சிஜன் எலக்ட்ரான் வாங்குற கேத்தோடு பட்டினி கிடக்கும்போது ஆனோடு என்சைமை எவ்வளவு செதுக்கினாலும் பவர் ஏறாது. அங்க லாக்கேஸ் என்சைம் போட்டிருந்தா இன்னும் மோசம், உப்புல இருக்குற குளோரைடு அதை அமுக்கிடும், பிலிருபின் ஆக்சிடேஸ் போட்டா நியூட்ரல் பிஹெச்ல தாங்கும்.

2007-ல சோனிக்காரங்க சர்க்கரைக் கரைசல் ஊத்தி வாக்மேன் பாட வெச்சாங்கல்ல, ஒரு செல்லுக்கு 50 மில்லிவாட், அதைப் பாத்துட்டுத்தான் நான் இந்தப் பக்கமே வந்தேன். இன்னும் கடைக்கு வரலியேன்னு நீ சின்ன வயசுல கேப்ப. உன் பவர் ரெண்டு நாள்ல விழுந்திடுச்சுன்னியே, ஏன் கடைக்கு வரலங்கிறதுக்குப் பாதி பதில் அதுதான்.

நாளைக்கு மியூட்டன்ட் எதையும் தொடாதே. செல்லுக்குள்ள வோல்டேஜ் மாறாத ஒரு ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு விட்டு, லோடை ஏத்திக்கிட்டே ஆனோடு கேத்தோடு ரெண்டையும் தனித்தனியா அளந்து ஒரே கிராஃப்ல போட்டு அனுப்பு. போட்டோ எடுக்கும்போது லைட் அடிக்காம எடு, போன தடவை ஆக்சிஸ்ல நம்பரே தெரியல. எந்தக் கோடு முதல்ல சரியுதுன்னு பாத்துட்டு நானே கூப்பிடுறேன்.

அம்மா