கம்பைப் பார்க்காதே, காலைப் பார்

பட்டர்வொர்த், மலேசியா

அன்புள்ள வாத்தியாரே,

நீ வீடியோவில் அனுப்பிய வேலகளியை, உங்கள் கேரளத்துக் கோயில் போர் ஆட்டத்தை, வீட்டில் எல்லாரும் பார்த்தாயிற்று. என் வீட்டுக்காரிக்கு அந்தச் சிவப்புத் தலைப்பாகைகள் பிடித்துப்போயின. மருமகனுக்குக் கொம்பு ஊதுகிறவர்கள் மேல் கண். பேத்தி மட்டும் போனைப் பிடுங்கிக்கொண்டு போய், ஒரே இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். “தாத்தா, இவங்க காலை எடுத்து வைக்கிறது எங்க ஆசான் சொல்லித் தர்ற மாதிரியே இருக்கு” என்றாள். அவள் சிலம்பம் கற்கப் போவதை உனக்கு இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்லவும், உன் கடிதத்தில் போகிற போக்கில் நீ போட்டிருந்த ஒரு வரிக்குப் பதில் எழுதவும்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். “தேருக்கு முன்னால் கம்பு சுற்றுவதெல்லாம் இனி வெறும் வேடிக்கை, அதிலிருந்த சண்டை என்றோ செத்துப்போச்சு” என்று எழுதியிருந்தாய். திருவனந்தபுரத்தில் மகள் வீட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நீ இப்படித் தீர்ப்பு எழுதலாம். நான் அந்தக் கம்புகளுக்கு நடுவில் தண்ணீர் பாட்டிலும் துண்டுமாக நடந்தவன்.

முதலில் ஊர்ச் சேதி. பினாங்குத் தீவுக்கு நாம் ஏறித் திரிந்த பழைய ஃபெரிகள் 2020 கடைசியோடு நின்றுபோயின. 2023 ஆகஸ்டிலிருந்து ஓடுகிற புதுசுகள் குளிரூட்டியவை, சுத்தமானவை, ஆனால் கார் ஏற்ற முடியாது. ஆளும் மோட்டார் சைக்கிளும்தான். ஆகவே காரில் தீவுக்குப் போக வேண்டுமானால் பாலம்தான் வழி. என் முட்டி அப்படியே இருக்கிறது, மோசமாகவும் இல்லை, தேறவும் இல்லை. அவ்வளவுதான்.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போனதும் அவளாகவே கேட்டாள். கோயிலுக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில், சாயங்காலத்தில் வகுப்பு. ஆசான் பகலில் பிறை வட்டாரத்தில் லாரி ஓட்டுகிறார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றாரென்றால் அந்த லாரிக்காரரைக் காணோம், வேறு ஆள். நிலைக்கலக்கி என்கிற சிலம்ப முறை கற்றவர். பல மாதங்களுக்குப் பிள்ளைகள் கையில் கம்பே கொடுக்கவில்லை. சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு, காலடி மட்டும். முன்னங்காலில் நில், குதிகாலை ஊன்றாதே, திரும்பும்போது பெருவிரலில் திரும்பு. இதே பாட்டுத்தான் தினமும். பெற்றோர்களுக்குப் பொறுமை போய்விட்டது. “காசு கட்டினது நடக்கிறதுக்கா?” என்று ஒரு அம்மா என் காதுபடவே கேட்டார். ஆசானுக்கும் கேட்டிருக்கும். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒருநாள் அவரே ஒரு கம்பை எடுத்துவந்து, பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்து, தரையோடு தரையாக வீசிக்கொண்டே வந்தார். கணுக்கால் உயரம், அதற்கு மேல் போகவில்லை. காலை எடுத்தவன் தப்பித்தான், யோசித்தவன் வாங்கினான். அடி பலமாக இல்லை, ஆனால் சுளீரென்று இருக்கும். பேத்தி வாங்கவில்லை. அதைச் சொல்லிக்காட்டாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனம் வராது, பொறுத்துக்கொள்.

கம்பு இங்கே ரோத்தான்தான், அதாவது பிரம்பு. பள்ளிக்கூடத்தில் நாம் வாங்கிய ஒல்லி ரோத்தான் இல்லை. நாற்காலி செய்கிறவர்கள் வாங்குகிற ரோத்தான் மானாவ், கட்டை விரலைவிடத் தடிமனானது. அனலில் வாட்டி நிமிர்த்துகிறார்கள், தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள், காய்ந்த பிறகு எண்ணெய் பூசுகிறார்கள். நெற்றிப் புருவம் வரைக்கும் உயரம் இருந்தால் அது அந்தப் பிள்ளைக்கு அளவான கம்பு. மூங்கில் கம்போடு கம்பு மோதினால் ஒருநாள் சிலும்பு சிலும்பாகப் பிளந்து கையைக் கிழிக்கும். ரோத்தான் நார் நாராகப் பிரியுமே தவிர அப்படித் தெறிக்காது. ஒப்பந்தம் எழுதிய சஞ்சிக்கூலியாகவும் அப்புறம் கங்காணி கூட்டி வந்தும் கப்பலேறிய நம் ஆட்களை நினைத்துக்கொள்கிறேன். 1878இல் வெள்ளைக்காரன் இந்தியாவில் போட்ட ஆயுதச் சட்டத்தில் வாள், ஈட்டி, குத்துவாள், வில் அம்பு எல்லாம் அகப்பட்டன. கம்பு அந்தப் பட்டியலில் இல்லை. இறங்கிய இடத்தில் காட்டுக்குள் போனால் பிறந்த ஊரைவிட நல்ல கம்பு. மூட்டையில் எதையும் கட்டிவரத் தேவைப்படாத கலை அது. கையும் காலும் வந்தால் போதும்.

நம் ரப்பர்த் தோட்டத்துத் தீமிதி உனக்கு ஞாபகம் இருக்கும். காலையில் பால்மரம் சீவிவிட்டு, மத்தியானம் தூங்கி எழுந்து, சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் கம்பெடுத்து நின்ற அந்தப் பெரியவர்கள். நுனியில் துணி சுற்றிச் சுண்ணாம்பில் தோய்த்திருப்பார்கள். யார் மேலே வெள்ளைக் கோடு அதிகமோ அவர் தோற்றவர். நீ சண்டை என்று சொல்வது அதைத்தான், தெரிகிறது. ஆனால் அந்தச் சண்டைக்கு முன்னால் என்ன நடந்தது? இரண்டு பேரும் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, சாமிக்கு ஒரு வரிசை, சபைக்கு ஒரு வரிசை, எதிராளிக்கு ஒரு சலாம் வரிசை என்று உறுமி மேளத்துக்குக் கால் போட்டு ஆடி முடிப்பதற்கே அரை மணி ஆகும். அதைப் பார்க்கத்தான் பெண்களும் பிள்ளைகளும் முன்வரிசையில் இடம் பிடித்தார்கள். நமக்கு அடிதடி மட்டும் மனதில் நின்றுவிட்டது. வயசு அப்படி.

இப்போது உன் ஊர் ஆட்டத்துக்கு வா. வேலகளி அம்பலப்புழையில் வளர்ந்தது. செம்பகச்சேரி ராஜாவின் படைத்தலைவர்கள், மாத்தூர் பணிக்கர் குடும்பத்தார், நாயர் வீரர்களைப் பழக்கிய வழியில் வந்தது என்பார்கள். 1746இல் மார்த்தாண்ட வர்மா அந்த ராஜ்ஜியத்தைத் திருவிதாங்கூரோடு சேர்த்துக்கொண்டார். ராஜா போனார், படை போயிற்று. படையின் கால்வைப்பு மட்டும் கோயில் வாசலில் தங்கிவிட்டது. கையில் வாளுக்குப் பதில் பிரம்பு, இன்னொரு கையில் வண்ணம் பூசிய பரிசை என்கிற கேடயம், பின்னால் மத்தளம், தவில், இலைத்தாளம், கொம்பு, குழல். “அம்பலப்புழ வேல கண்டால் அம்மயும் வேண்டா” என்று மலையாளத்தில் ஒரு பழமொழியே இருக்கிறதாம், மருமகனின் மலையாளி முதலாளி சொன்னார்.

அதிலும் நீ பார்த்த பத்மநாபசாமி கோயில் பங்குனி உற்சவம் இருக்கிறதே, அதை நினைத்தால்தான் எனக்கு வியப்பு. வாசலில் பாண்டவர்களின் பிரம்மாண்டமான உருவங்களை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்கு எதிரே வேலகளிக்காரர்கள் கௌரவர்களாக ஆடுகிறார்கள். கடைசியில் தோற்று ஓட வேண்டும், அதுதான் ஆட்டத்தின் முடிவு. யோசித்துப் பார். ஜெயித்த ராஜாவின் தெய்வத்துக்கு முன்னால், தோற்ற நாட்டில் வளர்ந்த ஆட்டம், தோற்ற கட்சி வேஷம் கட்டி ஆடி ஓடுகிறது. அந்தப் பெரிய உருவங்கள் நின்ற இடத்தில் நிற்கின்றன. அசைகிறவர்கள், வேர்க்கிறவர்கள், ஜனங்கள் கண் எடுக்காமல் பார்க்கிறவர்கள் எல்லாம் ஓடப்போகிறவர்கள்தான். இதை வெறும் வேடிக்கை என்று நீ சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாத்தூர்க் களரியில் பழகிய கால் இத்தனை காலம் தாண்டி வந்திருக்கிறது என்றால், அதைத் தூக்கிவந்தது கோயில் கொடியேற்றம்தான். எந்தப் படையும் இல்லை.

சரி, தைப்பூசத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பூசத்துக்கு முதல் நாள் வெள்ளித் தேர் விடியற்காலையில் பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டு, தண்ணீர்மலை வட்டாரத்துச் செட்டியார் கோயில் போய்ச் சேர ராத்திரி ஆகும். நீ இருந்த காலத்தில் இல்லாத தங்கத் தேர் ஒன்று 2017இலிருந்து குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படுகிறது. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். ஒரு பந்தலுக்கு முன்னால் எங்கள் ஆசானின் பிள்ளைகளுக்கும், வேறோர் ஊர்க் குழுவுக்கும் இடம் கிடைத்தது. அந்தக் குழுவின் கம்புகளில் விளக்கு எரிந்தது, பச்சையும் சிவப்புமாக. சுற்றினால் ராட்டினம்தான். கைத்தட்டல் எல்லாம் அங்கேதான். எங்கள் பிள்ளைகள் முகம் வாடிப்போயிற்று.

தேர் நெருங்கியதும் தேங்காய் உடைக்க ஆரம்பித்தார்கள். பினாங்குத் தேங்காய் உனக்கே தெரியும், சாலையோரத்தில் மலை மலையாகக் குவித்திருப்பார்கள். ஐந்து நிமிஷத்தில் தார் ரோடு முழுக்கத் தண்ணீர், ஓட்டுச் சில்லு, வழவழவென்று பருப்பு. வெறுங்கால் பிள்ளைகள். விளக்குக் கம்புக்காரர்களில் ஒரு பையன் கையால்தான் ஆடினான், கால் சும்மா நின்றது. வழுக்கியதும் கம்பு எங்கோ பறந்தது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. எங்கள் பிள்ளைகளைப் பார்த்தேன். யாரும் கீழே குனிந்து பார்க்கவில்லை. முன்னங்காலால் சில்லை மெல்லத் தள்ளிவிட்டு அதே இடத்தில் காலை வைத்துக்கொண்டே போனார்கள். சாக்கட்டிக் கோட்டில் நடந்த நடை. அந்த நேரத்தில் ஆசான் என் பக்கத்தில் வந்து, “கம்பைப் பார்க்காதீங்கண்ணே, காலைப் பாருங்க” என்றார்.

இன்னொன்றும் கண்டேன். ஒரு சின்னப் பிள்ளை, நடக்கப் பழகி அதிக நாள் இருக்காது, அம்மா கையை உதறிக்கொண்டு நேராகப் பேத்தியின் வீச்சுக்குள் ஓடிவந்தது. எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. கம்பு கீழே வந்துகொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை, மணிக்கட்டைத் திருப்பி அப்படியே தலைக்கு மேல் ஏற்றிக்கொண்டு, ஒரு காலடி பின்னால் போய், வரிசையை விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டாள். மேளம் தப்பவில்லை. அடிக்கத் தெரிந்தவன் எவனும் அடிக்கலாம். கூட்டத்துக்கு நடுவில், மேளத்துக்குள், அடிக்காமல் விடுவதற்கு எவ்வளவு பழக்கம் வேண்டும்! இதைப் போட்டிக்களத்தில் யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

போட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். தலைக்கவசம், மார்க்கவசம், வட்டம், தொட்டால் புள்ளி. பிள்ளைகளுக்குப் பயம் தெளியும், சான்றிதழ் கிடைக்கும். ஆனால் புள்ளிக்காக மட்டும் ஆடுகிறவர்களைப் பார்க்கிறேன், தொட்டதும் ஓடுகிறார்கள், சலாம் வரிசையை அவசர அவசரமாகக் கடமைக்கு முடிக்கிறார்கள். விளக்குக் கம்புக்காரருக்கும் இவர்களுக்கும் குறை ஒன்றேதான், கால். தேருக்கு முன்னால் ஆடுகிற பிள்ளை போட்டிக்கும் போகட்டும், போட்டிக்குப் போகிறவன் தேர் முன்னாலும் வந்து ஆடட்டும் என்பதே ஆசானின் கட்சி. என் கட்சியும் அதுதான். உன்னையும் இந்தக் கட்சிக்கு இழுக்கப் பார்க்கிறேன்.

உனக்கு இப்போது ஒரு வேலை. அந்த வேலகளிக்காரர்களில் களரி பழகியவர்கள் எத்தனை பேர், திருவிழாவுக்கு எவ்வளவு முன்னால் பயிற்சி தொடங்குகிறார்கள், சின்னப் பையன்களுக்கு முதலில் கையில் பரிசையைக் கொடுக்கிறார்களா, இல்லை காலடியா என்று விசாரித்து எழுது. கேள்வி என்னுடையது இல்லை, ஆசானுடையது. மலையாளத்தில் கேட்க உனக்குக் கூச்சம் என்றால் மகளை அனுப்பு.

அடுத்த தைப்பூசத்துக்கு வருவதாக மூன்று வரி எழுதி, கீழே “பார்க்கலாம்” என்று ஒரு சொல் போட்டிருக்கிறாய். அந்தச் சொல்லை அடித்துவிடு. மேல் அறை காலியாகத்தான் இருக்கிறது. தண்ணீர்மலையின் 513 படியும் ஏறச் சொல்லி உன்னை யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை, நானும் ஏறுவதில்லை, அடிவாரத்துப் பந்தலில் உட்கார்ந்துகொள்ளலாம். வரும்போது முறிவெண்ணெய் இரண்டு பாட்டில் வாங்கி வா. ஒன்று என் முட்டிக்கு, ஒன்று பேத்தியின் மணிக்கட்டுக்கு. இங்கேயும் கிடைக்கிறது, விலைதான் கொள்ளை.

மகளையும் பேரப்பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்