தெரிவு செய்த வரி மறைந்துபோவது குறித்த முறைப்பாடு

திருகோணமலை

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். நொத்தாரிசுமாருக்குக் காணி உறுதிகளைத் தட்டச்சுச் செய்து கொடுக்கும் சிறு கடை என்னுடையது. உங்கள் எழுத்துத் தொகுப்பியைக் காசு கட்டித்தான் பாவிக்கிறேன். போன மாதம் நான் அனுப்பிய முறைப்பாட்டுக்கு, "அது விண்டோஸின் இயல்பு" என்று ஒற்றை வரியில் பதில் தந்தீர்கள். ஆகவே இம்முறை விரிவாகவே எழுதுகிறேன்.

திரையின் இடப்பக்கம் பழைய உறுதியின் படம். வலப்பக்கம் உங்கள் தொகுப்பி. சரிபார்க்கும் வரியைத் தெரிவு செய்து நீலமாக்கிக்கொள்வேன். தட்டச்சுப் பொறிக் காலத்தில் என் தந்தை வரிக்குக் கீழே அடிமட்டம் வைப்பார், அதே வேலைதான். ஆனால் படத்தை நகர்த்த இடப்பக்கம் ஒருமுறை சொடுக்கினால் போதும், நீலம் போய்விடுகிறது. அடிமட்டத்தை யாரோ உருவிக்கொண்டது போல.

சென்ற வாரம் உப்புவெளிக் காணி ஒன்று வந்தது. இரண்டு துண்டுகள்; இரண்டுக்கும் "வடக்கே ஒழுங்கை, கிழக்கே வீதி" என்றே எல்லை தொடங்குகிறது. முதல் துண்டின் கிழக்கெல்லையில் நின்ற நான், படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது இரண்டாம் துண்டின் கிழக்கெல்லையில் இறங்கிவிட்டேன். நடுவில் கிடந்த முதல் துண்டின் விஸ்தீரணம் ஒப்புநோக்கப்படவே இல்லை. 18 பேர்ச் 13 ஆக விழுந்திருந்தது. கையெழுத்துக்கு முன் நொத்தாரிசு கண்டுபிடித்தார். உப்புவெளியில் 5 பேர்ச் என்ன விலை என்று அவர் எனக்கு எடுத்துச் சொன்ன விதத்தை இங்கே எழுத முடியாது.

இனி உங்கள் பதிலுக்கு வருகிறேன். வேறு யன்னலுக்குப் போனதும் தெரிவை மறைப்பது விண்டோஸ் எழுத்துப் பெட்டியின் இயல்புதான். ஆனால் மறைக்காதே என்று சொல்லவும் அதே விண்டோஸ் ஒரு குறியைத் தந்திருக்கிறது: ஈஎஸ்_நோஹைட்செல். பெட்டியை உருவாக்கும்போது அதைச் சேர்க்க வேண்டியவர்கள் நீங்கள். இத்தனைக்கும் தெரிவு அழிந்துபோவதில்லை. ஆல்ட், டாப் விசைகளை அழுத்தித் திரும்பினால் நீலம் அப்படியே வந்து நிற்கிறது. இருப்பதைக் காட்டத்தான் உங்கள் தொகுப்பிக்கு மனமில்லை. தேடல் பெட்டியைத் திறந்தாலும் இதே கதை.

நீலமே வேண்டும் என்று கேட்கவில்லை, வெளிர் சாம்பல் போதும். எந்தப் பதிப்பில் இதைத் திருத்துவீர்கள் என்று இரண்டு வாரங்களுக்குள் எழுதுங்கள். முடியாது என்றால், உரிமத்தில் மீதமுள்ள 7 மாதக் கட்டணத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்