முதல் ட்ராக் டேக்கு காசு கட்ட முன்னம் ஒரு கோல் எடுத்துக் கேளுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கொழும்பில கார், பைக் எண்டு பைத்தியமா திரியிற எங்கட பெடியள் கொஞ்ச நாளா ட்ராக் டே, ட்ராக் டே எண்டு கதைக்கிறதை நீங்களும் கேட்டிருப்பீங்கள். வாட்ஸ்அப் குரூப்பில ஒரு போஸ்டர் வரும், அதில ஒரு சிவப்புக் கார், ஒரு விலை, ஒரு போன் நம்பர், அவ்வளவுதான், உடனே நாலு பேர் சேர்ந்து காசு போட்டுடுவாங்கள். போறது நல்லது எண்டுதான் நான் சொல்லுவன். இரவு பதினொரு மணிக்கு மரைன் டிரைவில முறுக்கிறதை விட, அதிவேகப் பாதையில 100 எண்டு போர்ட் போட்டிருக்க அதுக்கு மேல மிதிக்கிறதை விட, எதிர்ல ஆட்டோவும் வராம ஆக்களும் குறுக்க வராம ஓடுற ஒரு இடத்தில வேகத்தைப் பழகுறது ஆயிரம் மடங்கு மேல். ஆனா எல்லா ட்ராக் டேயும் ஒண்டில்லை, எது ஒழுங்கா நடக்குது எண்டு போஸ்டரைப் பார்த்து விளங்காது.

முதல்ல, இது ரேஸ் இல்லை. கப் இல்லை, ஸ்டொப்வொட்ச் இல்லை, முதலாவது இரண்டாவது இல்லை. உங்கட சொந்தக் காரையோ பைக்கையோ கொண்டுபோய், மூடின ட்ராக்கில, கொஞ்சம் கொஞ்சமா ஓடிப் பழகிட்டு வீட்ட வாறது. ஒழுங்கு பண்ணுறவையே "யார் ஃபாஸ்டஸ்ட் பாப்பம்" எண்டு விளம்பரம் பண்ணினா, புதுசா போறவர் அந்தப் பக்கமே போகாதீங்கோ.

2024 ஏப்ரல் 21 தியத்தலாவையை நாங்கள் ஒருத்தரும் மறக்கேல்லை. ஃபொக்ஸ் ஹில் போட்டியில ஒரு கார் ட்ராக்கை விட்டு சனத்துக்குள்ள போய் 7 பேர் செத்தவை, அதில ஒரு எட்டு வயசுப் பிள்ளையும். அது ரேஸ், ட்ராக் டே இல்லை, அது எனக்கும் தெரியும், ஆனா கார் ட்ராக்கை விட்டு வெளியில போறது ரெண்டிலயும் ஒரே மாதிரித்தான் நடக்கும், போற இடத்தில ஆக்கள் நிக்கினமா இல்லையா எண்டதுதான் வித்தியாசம். அதால அம்மா அப்பா கேக்க வேண்டிய முதல் கேள்வி "எங்கட பிள்ளை எவ்வளவு வேகமா ஓடுவான்" எண்டது இல்லை, பாக்க வாறவை எங்க நிப்பினம், இடையில பேரியர் இருக்கா, சும்மா கயிறு மட்டும் கட்டி விட்டிருக்கா எண்டதுதான்.

அடுத்தது அம்புலன்ஸ். எல்லாரும் "ஓம் ஓம் அம்புலன்ஸ் இருக்கு" எண்டுதான் சொல்லுவினம். நீங்கள் அதோட விடாம இன்னொண்டு கேளுங்கோ: அந்த அம்புலன்ஸ் ஒருத்தரை ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனா, திரும்பி வரும்வரைக்கும் ட்ராக்கை நிப்பாட்டுவீங்களா? வடிவா நடத்துறவை யோசிக்காம "நிப்பாட்டுவம், இல்லாட்டி ரெண்டாவது வண்டி இருக்கு" எண்டு சொல்லுவினம். இழுத்து இழுத்துப் பதில் சொன்னா போகாதீங்கோ, என்னைக் கேட்டா மிச்சக் கேள்வி ஒண்டும் கேக்கத் தேவையே இல்லை. "1990க்கு அடிச்சா வரும்தானே" எண்டு சொல்லுறவையும் இருக்கினம். அந்த நம்பருக்கு வாற சுவசெரிய இலவச அம்புலன்ஸ் அருமையான சேவை, அது ஊர்ச் சனத்துக்காக ஓடுற வண்டி, காசு வாங்கி ட்ராக் டே நடத்துறவர் அதை நம்பி நடத்தக் கூடாது.

பிறகு ஆக்களைப் பிரிக்கிற விதம். புதுசா வாறவை ஒரு குரூப், கொஞ்சம் பழகினவை ஒரு குரூப், வேகமா ஓடுறவை இன்னொரு குரூப், ஒவ்வொரு குரூப்புக்கும் இருபது நிமிஷம் மாதிரி மாறி மாறி. காரும் பைக்கும் ஒரே நேரத்தில ட்ராக்கில விடவே கூடாது. முதல் ரெண்டு மூண்டு சுத்து பழகின ஆள் ஒருத்தர் முன்னால மெதுவா போக மற்றவை பின்னால போய் வளைவுகளைப் பார்க்கோணும். புது ஆக்கள் குரூப்பில ஓவர்டேக் பண்ணுறது நேரான இடத்தில மட்டும், அதுவும் முன்னால போறவர் கையால காட்டி விட்ட பிறகுதான். பக்கத்து சீற்றில இன்ஸ்ட்ரக்டர் வந்து இருப்பாரா எண்டும் கேளுங்கோ, அந்த ஒரு ஆள் பக்கத்தில இருந்து "இங்க பிரேக், இப்ப விடு, தூரத்தைப் பார்" எண்டு சொல்லிக்கொண்டு வாறது எந்த டேர்போவை விடவும் பெரிசு.

காலமை பிரீஃபிங் எண்டு ஒண்டு இருக்கும். அதுக்கு வராதவரை ட்ராக்கில விடாத ஆக்கள்தான் சரியான ஆக்கள். மஞ்சள் கொடி எண்டா முன்னால ஏதோ நடந்திருக்கு, வேகத்தைக் குறை, ஓவர்டேக் இல்லை. சிவப்பு எண்டா ஓட்டத்தை நிப்பாட்டியாச்சு, கட்டுப்பாட்டோட மெதுவா பிட்டுக்கு, அதாவது ட்ராக்குக்குப் பக்கத்தில வண்டி நிப்பாட்டுற இடத்துக்கு வா, அதுக்காக நடு ட்ராக்கில சடாரெண்டு பிரேக் அடிக்கிறதும் பிழை. நீலம் எண்டா பின்னால வேகமா ஒருத்தர் வாறார். கறுப்புக் கொடியைக் காட்டினா உன்னோடதான் கதைக்கோணும், உள்ள வா. இதெல்லாம் சிங்களத்திலயும் இங்கிலிஷிலயும் மட்டும் கடகடவெண்டு சொல்லி முடிச்சா பின்வரிசையில நிக்கிற எங்கட பெடியனுக்கு பாதி விளங்காது, விளங்காட்டியும் எல்லாரும் தலையாட்டினம் எண்டு அவனும் தலையாட்டுவான்.

இனி வண்டியைச் சோதிக்கிற விஷயம். போன வருஷம் என்ர மருமகனோட ஒண்டுக்குப் போயிருந்தன். சோதிக்கிறவர் நடு வயசு மனுசன், பொனட்டைத் திறந்து பற்றரியைக் கையால பிடிச்சு ஆட்டிப் பார்த்தார், வீல் நட் ஒவ்வொண்டையும் டோர்க் ரெஞ்ச் போட்டு கிளிக் எண்டு சத்தம் வரும்வரை பார்த்தார், டிரைவர் பக்கத்துக் கால் மிதியை உருவி வெளியில போட்டார். டேஷ்போர்டில டபிள் டேப் போட்டு ஒட்டியிருந்த பிள்ளையாரை, அந்த மனுசன் சிங்கள ஆள், ரெண்டு கையாலயும் மெதுவாக் கழட்டி மருமகன்ர கையில குடுத்து, "பேக்கில வைங்கோ, உள்ள எது கழண்டாலும் பிரேக் பெடலுக்குக் கீழ போகும்" எண்டு சொன்னார். பிறகு டயரில இருந்த நாலு இலக்கத்தை டோர்ச் அடிச்சு வாசிச்சார். 2319 எண்டு இருந்தா 2019ஆம் ஆண்டு 23ஆம் கிழமை செய்த டயர், பூ எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ரப்பர் கல்லாயிருக்கும். 2020இல வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு இங்க கனபேர் பழைய வண்டியையே வைச்சு இழுத்தவை, டயரும் அப்பிடித்தான். ஒரு வண்டிக்கு அவ்வளவு நேரம் மினக்கெடுறவை நடத்துற நாளுக்குத்தான் நான் காசு குடுப்பன். கேட்டில பெயரை மட்டும் டிக் பண்ணி உள்ள விடுறவையும் இருக்கினம்.

பிரேக் ஃப்ளூயிட்டைப் பற்றி கொஞ்சம் கூடுதலாச் சொல்லோணும், ஏனெண்டா காலி ரோட்டில ட்ராஃபிக்கில ஓடுற காருக்கு இது பிரச்சினையே இல்லை, ட்ராக்கில இதுதான் முதல் கைவிடும். அந்த ஃப்ளூயிட் காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், எங்கட கொழும்புக் காத்து எப்பிடி எண்டு சொல்லத் தேவையில்லை. டொட் 4 எண்ட வகை புதுசா இருக்கேக்க குறைஞ்சது 230 பாகை செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாது எண்டது விதி, தண்ணி உறிஞ்சின பிறகு அந்த அளவு 155க்கு இறங்குது. டொட் 3 எண்டா 205, பிறகு 140. ஒரு நேர்ப் பாதை முடிவில திருப்பித் திருப்பி அழுத்திப் பிரேக் பிடிக்கேக்க பேட், டிஸ்க் எல்லாம் இந்தச் சூட்டைத் தாண்டிப் போகும், அந்தச் சூடு பேட்டை டிஸ்க்கில அமத்துற கலிப்பருக்குள்ள இருக்கிற ஃப்ளூயிட்டுக்கும் ஏறும், ஃப்ளூயிட் கொதிச்சா உள்ள குமிழி வரும், குமிழி நசியும், பெடல் பஞ்சு மாதிரி கீழ போகும், கார் நிக்காது. அதால போக முன்னம் கராஜ் பாஸிட்ட சொல்லி ஃப்ளூயிட்டைப் புதுசா மாத்துங்கோ, பேட் எவ்வளவு மிச்சம் எண்டு பாருங்கோ, ஒவ்வொரு செஷனும் முடிய ஒரு சுத்து மெதுவா ஓடி ஆறவிடுங்கோ, நிப்பாட்டின பிறகு ஹேண்ட்பிரேக்கை இழுக்காம கியரில போட்டு சில்லுக்குக் கல் வையுங்கோ. நல்ல ஒழுங்குகாரர் இதைக் காசு கட்டின அண்டைக்கே மெசேஜில அனுப்பிடுவினம். ஒண்டும் அனுப்பாம லொகேஷனும் பாடல் போட்ட வீடியோவும் மட்டும் வந்தா யோசிச்சுக்கொள்ளுங்கோ.

இன்சூரன்ஸ் விஷயத்தை ஒருத்தரும் கதைக்கிறதில்லை. ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு எண்டு நினைச்சுப் போறவை பொலிசியை எடுத்து வாசிச்சா, ரேஸ், வேகச் சோதனை மாதிரியானதுக்கு பணம் தரமாட்டம் எண்டு பொதுவா எழுதியிருக்கும். கொழும்பில கனபேர்ட கார் லீசிங்கில ஓடுது, கார் நொறுங்கினாலும் மாசத் தவணை நிக்காது. கேட்டில கையெழுத்து வைக்கச் சொல்லுற பேப்பரை முதல் நாளே அனுப்பச் சொல்லிக் கேளுங்கோ, ஆறுதலா வாசிச்சுட்டு முடிவு எடுக்கலாம்.

சொந்தக் காரைக் கொண்டுபோக மனசில்லாட்டி பண்டாரகமை பக்கம் கார்ட்டிங்கில துவங்கலாம், பிரேக் பிடிக்கிறதும் வளைவுக்குள்ள போற கோடும் அங்கயே பழகும். வசதி இருந்தா இந்தியா கிட்டத்தான்: சென்னைக்கு வெளியில இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 1990இல துவங்கினது, கோயம்புத்தூரில கரி ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர், சின்னது, புது ஆக்களுக்குத் தோது. அங்க பைக் ஓட்டச் சொல்லிக் குடுக்கிற வகுப்புகளும் நடக்குது, தமிழில கேட்டுத் தமிழிலயே பதில் எடுக்கலாம். ஆனா அங்க போனாலும் நான் மேல சொன்ன கேள்விகள் அதேதான், ட்ராக் பெரிசு, பெயர் பெரிசு எண்டதுக்காக அண்டைக்கு நடத்துறவர் நல்லவர் எண்டு ஆகாது, ட்ராக் ஒருத்தர்ட, அதை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து நடத்துறது வேற ஒருத்தர்.

பின்னேர செஷனைப் பற்றியும் ஒரு சொல்லு. வெயிலில முழு நாளும் நிண்டு களைச்சுப்போய், இப்பதான் கை வந்துட்டுது எண்டு நினைக்கிற அந்த நேரம்தான் கனபேர்ட வண்டி கட்டுப்பாடு இழந்து சுழலுறது. தண்ணி குடிச்சுட்டு கடைசி செஷனை விட்டுட்டு வந்தா ஒரு நட்டமும் இல்லை. களைச்ச ஆளைப் பார்த்து "தம்பி இண்டைக்குப் போதும்" எண்டு சொல்லி வெளியில எடுக்கிற மார்ஷல், அதாவது ட்ராக்கில கொடி காட்டிக் கவனிக்கிற ஆள், இருக்கிற இடத்துக்கு அடுத்த முறையும் போங்கோ.

ஒழுங்கு பண்ணுறவையிட்ட நான் உங்கட பத்திரிகை மூலமா ஒண்டே ஒண்டு கேக்கிறன். 1934இல இருந்து நுவரெலியா மஹகஸ்தோட்டயில மலையேத்தப் போட்டி நடத்தின நாடு இது, அனுபவம் இல்லாத ஆக்கள் இல்லை நீங்கள். கொடி விளக்கம், ஓவர்டேக் விதி, வண்டிச் சோதனையில என்னென்ன பாப்பீங்கள், அம்புலன்ஸ் போனா என்ன செய்வீங்கள், இவ்வளவையும் தமிழிலயும் ஒரு பக்கத்தில எழுதி காசு வாங்க முன்னம் அனுப்புங்கோ. எழுத ஆள் இல்லாட்டி நான் வந்து எழுதித் தாறன், பிரீஃபிங் நேரம் பக்கத்தில நிண்டு தமிழில சொல்லவும் நான் தயார்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்,
கொழும்பு 06