கட்டையன் சொன்ன கதை

கொழும்பு, ஞாயிறு

மச்சான்,

நாங்கள் சுகம். அங்க பிள்ளைகளை விசாரிச்சதாச் சொல்லு.

"கொழும்பில இனி என்னடா இருக்கு, எல்லாம் கண்ணாடிக் கட்டடம்தானே" எண்டு கட்டையனிட்டச் சொன்னியாம். கேட்ட நேரம் தொடக்கம் எனக்குக் கொதி. ரொறன்ரோவில இருந்து கதைக்க உனக்கு நல்ல வாய்!

போன கிழமை கோட்டைக்குப் போன இடத்தில மழை பிடிச்சுது. யோர்க் வீதியில இருக்கிற அந்தப் பழைய பெரிய கடை, கார்கில்ஸ் கட்டடத்தின்ர வளைவுகளுக்குக் கீழ ஓடி ஒதுங்கினன். அதே சிவப்புச் சுவர், அதே வெள்ளைச் சாந்து வேலை. தூண்களுக்கு உள்ளால நடந்தால் சேர் பாரன் ஜயதிலக மாவத்தை மூலை வரைக்கும் ஒரு துளி படாது. எட்வர்ட் ஸ்கின்னர் வரைஞ்சு, வோக்கர் சன்ஸ் 1902இல கட்டத் தொடங்கி, 1906இல திறந்தது. அந்த நாளையில கப்பல்கள் நிலக்கரி ஏத்த வந்து நிக்கேக்க, இறங்குதுறையில இறங்குற வெள்ளைக்காரர் கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலைத் தாண்டி நாலு எட்டு வைச்சால் கடை. அவையின்ர தலை வெயிலில காயக்கூடாதெண்டு போட்ட நிழல்தான் அது. அதுக்குக் கீழதான் நாங்கள் கச்சான் திண்டுகொண்டு நிண்டனாங்கள். உள்ள போக ஆரிட்டக் காசு?

முதல் அந்த வளவில ஸ்லைஸ்கன் எண்ட ஒல்லாந்துக் கப்டன்ர வீடு. பிறகு முதல் ஆங்கிலத் தேசாதிபதி நோர்த் இருந்தார். 1896இல கார்கில்ஸ் வாங்கிச்சு. 1684 எண்டு பொறிச்ச அத்திவாரக் கல்லையும் மினர்வா எண்ட ரோமத் தெய்வத்தின்ர மரச்சிலையையும் எறியாமல் வைச்சாங்கள் பார், அதுக்கு ஒரு கும்பிடு. சிலைக்கு நீ வைச்ச பெயரை இதில எழுதேலாது. மனிசி வாசிப்பா.

1996 ஜனவரி 31 ஞாபகமிருக்கே? கோட்டையில மத்திய வங்கிக்குக் குண்டு வைச்ச பிறகு அங்க போறதெண்டால் எங்கட தமிழ் ஆக்களுக்கு வயித்தைக் கலக்கும். அடையாள அட்டை கையிலயே இருக்கும். யாவாரமும் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி எண்டு தெற்கால போட்டுது. இப்ப தடையில்லை, ஆனா போன சனம் முழுக்கத் திரும்பேல்லை.

எனக்கு இப்ப பயம் வேற. கோட்டைக்குள்ள இருக்கிற பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியை 2011இல திருத்தித் திறந்தாங்கள். வேலை அருமை, குறை சொல்லமாட்டன். ஆனா உள்ள இருக்கிறது ரெஸ்ரோரண்டும் கடையும். இங்கயும் ஆராவது வந்து வளைவுகளுக்குக் கண்ணாடி போட்டு, மேசை கதிரை அடுக்கினால்? மழைக்கு ஒதுங்கினவனிட்ட மெனு நீட்டுவாங்கள். கட்டடம் வடிவா நிக்கும், நடைபாதை போயிடும். என்னைக் கேட்டால் அந்த நடைபாதைதான் கட்டடமே. நீயும் ட்ராஃப்ட்ஸ்மனா இருந்தவன், பிழையெண்டால் சொல்லு.

நல்லூர்த் திருவிழாவுக்கு வாறியெண்டால் யாழ்ப்பாணம் போக முன்னம் ஒரு நாளைக் கோட்டைக்கு ஒதுக்கு. கட்டையனும் வாறானாம். சாப்பாட்டுக் காசு உன்ர.