டாக்டருக்கு ஒரு பெட்டிசன்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். இதற்கு முன் உங்களுக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன். மூன்றையும் கவரில் போட்டு ஒட்டித்தான் கொடுத்தேன். மூன்றாவதை என் வீட்டுக்காரர் எதிரிலேயே பிரித்து, அவர் காதுபடப் படித்தீர்கள். ஒட்டிக் கொடுத்ததற்கே அந்தக் கதி என்றால் அப்புறம் எதற்குப் பசை? அதனால் இதைத் திறந்தே எழுதுகிறேன். பெயர் போடவில்லை. செங்கோட்டையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரயிலேறித் திருநெல்வேலிக்கு வருகிறவர்கள் என்றால் உங்களுக்கு ஞாபகம் வரலாம். வராவிட்டாலும் பரவாயில்லை. உங்களைப் போன்ற மற்ற டாக்டர்களும் படிக்கட்டும்.

அவருடைய பார்க்கின்சன் நோயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? ஒன்பது வருடமாக நீங்கள்தான் பார்க்கிறீர்கள். கை நடுக்கம், உடம்பு விறைப்பு, முத்து முத்தாக எழுதிய கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி சிறுத்துப்போனது, அந்தக் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று பேங்கில் பென்ஷன் பணத்தைக் கொடுக்காமல் திருப்பி அனுப்பியது, எல்லாம் உங்கள் ஃபைலில் இருக்கும். ஃபைலில் இல்லாதது ஒன்றுதான். உங்கள் அறைக்குள் வருகிற மனிதர் வேறு, எங்கள் வீட்டில் இருக்கிற மனிதர் வேறு.

டோக்கன் நம்பர் நெருங்குவதைப் பார்த்து நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் நீங்கள் எழுதிக் கொடுத்த லெவோடோபா மாத்திரையை அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் பவுடர் பூசிக்கொள்வதுபோலத்தான் அது. மாத்திரை வேலை செய்யும் நேரமாகப் பார்த்து உள்ளே கூப்பிடுவீர்கள். விரலைத் தட்டச் சொல்வீர்கள், மணிக்கட்டை ஆட்டிப் பார்ப்பீர்கள், நடந்து காட்டச் சொல்வீர்கள். அவரும் மாப்பிள்ளை மாதிரி நடப்பார். “நல்லாத்தானே இருக்காரும்மா” என்பீர்கள். மொத்தம் நாலு நிமிடம். சாயங்காலம் செங்கோட்டை ஸ்டேஷனில் ரயில் வாசலில் கால் ஒட்டிக்கொண்டு இறங்க முடியாமல் அவர் நிற்பதும், பின்னால் நிற்பவர்கள் “பெரியவரே, இறங்குங்க” என்று சத்தம் போடுவதும் உங்களுக்கு எப்படித் தெரியும்? அதற்காகத்தான் கடிதம் எழுத ஆரம்பித்தேன்.

முதல் கடிதம் அந்தக் கால் ஒட்டிக்கொள்வதைப் பற்றித்தான். ஒரு மார்கழிக் காலையில் நடைவரைக்கும் கோலத்தை இழுத்துவிட்டிருந்தேன். நிலைப்படிக்கு முன்னால் எப்போதும் உறைந்து நிற்கிறவர், கோலத்தை மிதிக்கக்கூடாதே என்று காலைத் தூக்கி வைத்துத் தாண்டி வந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒவ்வொரு நிலைப்படிக்கு முன்னாலும் சாக்பீஸால் ஒரு கோடு உண்டு. மற்ற நோயாளிகளுக்கும் உதவுமே என்று ஆசையாக எழுதினேன். இரண்டாவது கடிதம், தூக்கத்தில் அவர் கத்துவதும் உதைப்பதும் பற்றி. இரண்டுக்கும் உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. படிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவதையும் அப்படியே விட்டிருந்தால் உங்களுக்குப் புண்ணியமாகப் போயிருக்கும்.

மூன்றாவதில் இருந்தது இதுதான். போன வருடம் தையில், இதே நோய்க்கு நீங்கள் கொடுக்கும் இன்னொரு மாத்திரையான பிரமிபெக்சோலின் அளவைக் கூட்டினீர்கள். மாசி முடிவதற்குள் அவர் ஆரியங்காவுக்குப் போய்வர ஆரம்பித்துவிட்டார். புளியரையைத் தாண்டினால் கேரளம், கேரளம் என்றால் லாட்டரி. பாத்ரூம் போக என் தோளைப் பிடிக்கிறவர், காலையில் மாத்திரை பிடிக்கிற அந்த ரெண்டு மணி நேரத்துக்குள் பஸ் ஏறிப் போய்ச் சீட்டு வாங்கித் திரும்பிவிடுவார். பஞ்சாங்கத்துக்குள் சீட்டு, அரிசி டிரம்முக்குப் பின்னால் சீட்டு, வேட்டி மடிப்புக்குள் சீட்டு. என் வளையல் இரண்டும் அடகுக்கடைக்குப் போன பிறகுதான் எனக்கே உறைத்தது.

டாக்டர், தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்வதற்கு முன்னால் எங்கள் தெருமுனையிலேயே சீட்டுக் கடை இருந்தது. மைக்கில் கூவிக் கூவி விற்பார்கள். அப்போதுகூட ஒரு சீட்டு வாங்காத மனிதர் இவர். வாங்குகிறவர்களைத் திட்டுவார்.

இந்த வகை மாத்திரை சிலருக்குச் சூதாட்ட வெறியைக் கிளப்பிவிடும், சிலருக்குக் கண்டதையும் வாங்கிக் குவிக்கும் வெறி, சிலருக்கு ஓயாத தீனி, இன்னும் சொல்லக் கூசுகிற மாதிரியும் வரும் என்று மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் அக்கா மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லவில்லை. தலை சுற்றும், மெதுவாக எழுந்திருங்கள் என்று மட்டும் சொன்னீர்கள். அவர் எதிரில் இதை எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்து, மூன்று தடவை அடித்துத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். கவர்மேல் “டாக்டர் தனியாகப் படிக்கவும்” என்றும் எழுதியிருந்தேன்.

நீங்கள் அதைப் பிரித்தீர்கள். படித்தீர்கள். சிரித்தீர்கள். “என்ன சார், லாட்டரி எல்லாம் வாங்குறீங்களாமே, வீட்ல எழுதியிருக்காங்க!” பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண்ணும் சிரித்தாள். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அவளுக்கு வேற வேலை இல்ல டாக்டர்” என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தில் சிரிப்பு, கோபம் எதுவும் சட்டென்று தெரியாது, நோய் அப்படி. ஆனால் எனக்குத் தெரியும்.

ரயிலில் சேரன்மகாதேவி வரைக்கும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “முப்பத்திநாலு வருசம் தாலுகா ஆபீஸ்ல ஊர்க்காரன் பெட்டிசனை எல்லாம் வாங்கி வச்சவன் நான். என் மேலேயே பெட்டிசன் போட்டுட்டியே.”

நியாயமாகச் சொல்ல வேண்டும். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தீர்கள், நன்றி. ரெண்டு மாதத்தில் லாட்டரி நின்றுவிட்டது. என்னோடு பேச்சும் நின்றுவிட்டது. சாப்பாடு, மாத்திரை, பாத்ரூம் இந்த மூன்றுக்கும் வாயைத் திறப்பார், அவ்வளவுதான். இப்போதெல்லாம் உங்கள் அறைக்குள் நான் வரக்கூடாது என்கிறார், மகனை அழைத்து வருகிறார். மகன் சென்னையில் இருக்கிறான். வீட்டில் நடக்கும் எதுவும் அவனுக்குத் தெரியாது. ஆக, இனி உங்களுக்கும் தெரியாது.

அதே தாலுகா ஆபீஸ்காரர்தான் அந்தக் காலத்தில் எனக்கு ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். பெட்டிசன் வந்தால் யார் போட்டது என்று எதிர்ப்பார்ட்டியிடம் சொல்லமாட்டார்களாம், சொன்னால் ஊரில் வெட்டுக்குத்து ஆகிவிடுமாம். “வழக்கமான தணிக்கைதான்” என்று சொல்லிப் போய் விசாரிப்பார்களாம். தாலுகா ஆபீஸில் இருந்த அந்த நாசூக்கு, இத்தனை பட்டம் எழுதிய போர்டு தொங்கும் இடத்தில் இருக்கக்கூடாதா? நான் கேட்பது அவ்வளவுதான். வீட்டில் இருப்பவர்கள் கொடுக்கும் கடிதத்தை நோயாளி எதிரில் படிக்காதீர்கள். அவர் உள்ளே வருவதற்கு முன் படியுங்கள்.

நோயாளிக்குத் தெரியாமல் அவரைப் பற்றிப் பேசுவது முறையா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அது உறுத்தத்தான் செய்தது. ஆனால் இந்த மாத்திரை எழுதிக் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் “சீட்டாட்டம், லாட்டரி, அதிகச் செலவு ஏதாவது உண்டா?” என்று நீங்களாகவே கேட்டுவிட்டால் என் பெயர் எதற்கு இழுபடப்போகிறது? முதல் நாளே இருவரையும் உட்காரவைத்து, “இப்படி ஆனால் அது உங்கள் குணம் இல்லை, மருந்தின் வேலை” என்று சொல்லியிருந்தால் அவரே என்னிடம் வந்து சொல்லியிருப்பாரே!

நேரமில்லை என்பீர்கள். வெளியே அறுபது பேர் காத்திருக்கும்போது டை கட்டிய மருந்துக் கம்பெனி ரெப்புகள் டோக்கன் இல்லாமல் உள்ளே போகிறார்கள், அவர்களுக்கு நேரம் இருக்கிறது. ஏப்ரல் 11 உலக பார்க்கின்சன் தினம் என்று துலிப் பூப் படம் போட்ட பேனர் கட்ட நேரம் இருக்கிறது. (செங்கோட்டையில் துலிப் எங்கே பூக்கிறது? அரளி போட்டிருந்தால்கூட யாருக்காவது புரிந்திருக்கும்.) அந்த நோய்க்குப் பெயரைக் கொடுத்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் ஆறு பேரை வைத்து எழுதினாராம். அதில் சிலரைத் தெருவில் போகும்போது பார்த்ததோடு சரியாம். அவராவது தெருவில் எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்தார்.

மன்னிக்க வேண்டும், வார்த்தை நீண்டுவிட்டது. என் மகன் வயதுதான் இருக்கும் உங்களுக்கு. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். உங்கள் கைராசியில் எனக்குக் குறையில்லை, இன்னொரு டாக்டரைத் தேடிப் போகும் எண்ணமும் இல்லை. அடுத்த தடவை அவரும் மகனும் வருவார்கள். அதற்கு முந்தின நாளே ஒரு பழுப்புக் கவர் உங்கள் வரவேற்பு மேசைக்கு வந்து சேரும். அதை அவர் எதிரில் பிரிக்காமல் முன்னதாகவே படித்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். படித்துவிட்டு “வழக்கமாக எல்லாரிடமும் கேட்பதுதான்” என்று சொல்லியே கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருவரின் மனைவி,
செங்கோட்டை.

பி.கு.: ஐந்து நாளாக அவருக்கு வெளிக்குப் போகவில்லை. மகன் எதிரில் வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார். நீங்களாகக் கேளுங்கள்.